வெளிநாட்டில் அறுவை சிகிச்சை: பிறகு சிக்கல் வந்தால் செலவு யாருடையது?

அறுவை சிகிச்சைக்காக நாடு விட்டு நாடு போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று செலவுகளுக்குக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்: ஆஸ்பத்திரி பில், விமான டிக்கெட், தங்கும் இடம். நான்காவதாக ஒன்று உண்டு. எல்லாம் நல்லபடியாக முடிந்து ஊர் திரும்பிய மூன்றாவது வாரத்தில், தையல் போட்ட இடம் சிவந்து, சூடேறி, நீர் கசிய ஆரம்பித்தால் அதற்கு யார் பணம் கட்டுவது? அந்தச் செலவுக்கென்றே தனியாக ஒரு காப்பீடு இருக்கிறது. மெடிக்கல் காம்ப்ளிகேஷன்ஸ் இன்சூரன்ஸ் என்பார்கள். இந்தக் கட்டுரையில் அதைச் சிக்கல் காப்பீடு என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

விளக்குவதற்கு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வயது 64, சர்க்கரை உண்டு. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. பலாலியில் விமானம் ஏறிச் சென்னைக்கு வந்து மூட்டு மாற்று அறுவை செய்துகொள்கிறார். மகள் துணைக்கு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரி சொன்ன பேக்கேஜ் தொகை, ஒரு கணக்குக்காக, 3 லட்சம் இந்திய ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (2017 ஆகஸ்டில் இந்திய அரசு முழங்கால் இம்பிளான்ட்டுகளுக்கு, அதாவது உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டுகளுக்கு, உச்சவிலை நிர்ணயித்த பிறகு, இந்த அறுவையின் செலவில் ஒரு பெரிய பகுதி குறைந்தது. அந்த நன்மை வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் கிடைக்கிறது.)

அந்த 3 லட்சத்துக்கு எழுதித் தரும் எஸ்டிமேட் தாளை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அறை நான்கு நாள், ஐ.சி.யு. ஒரு நாள், அறுவை நிபுணர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர் கட்டணம், இம்பிளான்ட், வழக்கமான மருந்துகள், பிசியோதெரபி இத்தனை முறை என்று மேலே இருக்கும். கீழே, பலர் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப்போகும் இடத்தில், சேராதவை இருக்கும்: கூடுதல் நாட்கள், இரத்தம், வேறு துறை மருத்துவர் வந்து பார்ப்பது, ஏற்கெனவே உள்ள நோய்க்கான சிகிச்சை, எதிர்பாராத சிக்கல். கல்யாணச் சமையலுக்கு இத்தனை இலை என்று பேசி முடிப்பது போலத்தான் பேக்கேஜும். பேசிய இலைக்கு மேல் போனால் ஒவ்வொரு இலைக்கும் தனிக்கணக்கு. இதில் ஆஸ்பத்திரி ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. எது சேரும், எது சேராது என்பது வரும் முன்னரே கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் அக்கறை.

சரி, டீச்சரின் முழங்காலில் கிருமித்தொற்று ஏற்பட்டுவிட்டது என்று வைப்போம். முழங்கால் மாற்று செய்துகொள்ளும் நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இப்படி ஆகலாம். நல்ல ஆஸ்பத்திரியிலும், கைதேர்ந்த டாக்டரிடமும் நடக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மூட்டைத் திறந்து கழுவி, நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் பாகத்தை மட்டும் மாற்றி, உலோகத்தைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். கிருமி உலோகத்தின்மேல் படிந்து வேரூன்றிவிட்டால் வேறு வழியில்லை: ஒரு அறுவையில் இம்பிளான்ட்டைக் கழற்றி எடுத்து, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டைத் தற்காலிகமாக வைப்பார்கள். பிறகு சுமார் ஆறு வாரம் ஆன்டிபயாடிக், அதில் பெரும்பகுதி ஊசி வழியாக. தொற்று போய்விட்டது என்று உறுதியான பின் இன்னொரு அறுவையில் புது இம்பிளான்ட், அதுவும் முதலில் வைத்ததைவிட விலை கூடிய ரகம். அறுவை இரண்டு, மாதக்கணக்கில் சிகிச்சை, மகளுக்குச் சம்பளமில்லாத விடுப்பு, கிரீம்ஸ் சாலைப் பக்கத்து லாட்ஜில் ஒவ்வொரு நாளும் ஏறும் வாடகை. முதல் பேக்கேஜைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆவது சர்வசாதாரணம். நூறில் ஒருவருக்கு வரும் பெரும் செலவை நூறு பேரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்வதுதான் காப்பீட்டின் அடிப்படை. இந்தப் பாலிசியும் அதே தத்துவம்தான்.

பயணக் காப்பீடு போதாதா?

போதாது. பலர் சறுக்குவது இங்கேதான். டிக்கெட் எடுக்கும்போதே ஒரு டிராவல் இன்சூரன்ஸும் எடுத்துவிட்டோம், அதில் மருத்துவச் செலவுக்குப் பெரிய தொகை போட்டிருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பார்கள். அது எதிர்பாராமல் வரும் நோய்க்கும் விபத்துக்கும் உரியது. சிகிச்சை பெறும் நோக்கத்துடனேயே பயணம் செய்தால் அந்தச் சிகிச்சையும், அதனால் விளையும் எதுவும் கிடையாது என்று ஏறக்குறைய எல்லாப் பயணப் பாலிசிகளும் விலக்கிவைத்திருக்கும். டீச்சர் சென்னையில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கை முறிந்தால் அது தரும். அறுவை செய்த முழங்கால் சீழ்பிடித்தால் தராது.

சொந்த நாட்டில் இருக்கும் உடல்நலக் காப்பீடு? பெரும்பாலானவை அந்த நாட்டு எல்லைக்குள் நடக்கும் சிகிச்சைக்கு மட்டுமே. அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் திட்டம்கூட, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, நாட்டுக்கு வெளியே நடக்கும் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை.

ஆஸ்பத்திரியும் டாக்டரும் எடுத்து வைத்திருக்கும் தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. அது அவர்களைப் பாதுகாக்க இருப்பது. அவர்கள் கவனக்குறைவாக நடந்தார்கள் என்று நிரூபணமானால், அவர்கள் கட்ட வேண்டிய நஷ்டஈட்டை அது கட்டும். தென்கொரியாவில் வெளிநாட்டு நோயாளிகளை வரவழைக்கும் ஆஸ்பத்திரிகள் இப்படியொரு காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று 2016-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம். ஆனாலும் நம் டீச்சருக்கு அது உதவுமா என்றால், பெரும்பாலும் உதவாது. காரணம் அடுத்துச் சொல்லும் வேறுபாடு.

தவறு வேறு, சிக்கல் வேறு

அறுவைக்குப் பிறகு வயிற்றுக்குள் பஞ்சை விட்டுத் தைத்துவிட்டால் அது தவறு. ஆபரேஷன் தியேட்டரில் செய்ய வேண்டிய எல்லாச் சுத்தமும் செய்து, கொடுக்க வேண்டிய ஆன்டிபயாடிக்கைக் கொடுத்து, அதற்கு மேலும் தொற்று வந்தால் அது சிக்கல். அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும் சம்மதப் படிவத்தில் அந்தச் சிக்கலின் பெயர் எழுதியிருக்கும்: தொற்று, இரத்தக்கட்டி, இரத்தப்போக்கு, நரம்புப் பாதிப்பு. தெரிந்தே ஏற்றுக்கொண்ட அபாயம் அது.

தவறுக்கு இந்தியாவில் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவ சேவை அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வழக்கின் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்தோ மாலேயிலிருந்தோ வந்து இந்தியாவில் வழக்கு நடத்துவது எத்தனை பேரால் முடியும்? அப்படியே நடத்தினாலும், யார்மீதும் தவறில்லாத சிக்கலுக்கு நஷ்டஈடு கிடைக்காது.

சிக்கல் காப்பீட்டின் அருமை இங்குதான். யார் மேல் தவறு என்று அது கேட்பதில்லை. பாலிசியில் எழுதியிருக்கும் அறுவை நடந்ததா, எழுதியிருக்கும் காலத்துக்குள் அதனால் ஒரு சிக்கல் வந்ததா, அதற்குச் சிகிச்சை மருத்துவரீதியாகத் தேவையா என்று மட்டுமே பார்க்கும். சில பாலிசிகளில், கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ஆஸ்பத்திரியின் தவறு தெரியவந்தால் அவர்களிடம் வசூலித்துக்கொள்ளும் உரிமையை வைத்துக்கொள்ளும். அது அவர்களுக்குள் நடக்கும் கணக்கு.

எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்பது இதில் வராது. மூக்கு நினைத்த மாதிரி அமையவில்லை, இஸ்தான்புல்லில் நட்ட முடி அடர்த்தியாக முளைக்கவில்லை, மூட்டு மாற்றியும் சம்மணம் போட முடியவில்லை, இவை எல்லாம் ஏமாற்றங்கள். ஏமாற்றத்துக்குக் காப்பீடு கிடையாது. கருத்தரிப்புச் சிகிச்சை பலிக்காமல் போவதும் அப்படித்தான்.

எத்தனை நாள் வரை?

பாலிசியில் ஒரே ஒரு வரியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்: காப்பீடு எந்த நாள் முதல் எந்த நாள் வரை? அறுவை நடந்த நாளிலிருந்து எண்ணுகிறார்களா, டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்தா? 30 நாளா, 90 நாளா, ஆறு மாதமா?

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு அறுவையின் சிக்கலுக்கும் ஒரு காலம் உண்டு. உடல் எடை குறைக்க இரைப்பையைக் கத்தரித்துத் தைக்கும் அறுவையில் தையல் வரிசை கசிந்தால் அது பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் வரும் கடும் தொற்று ஆறு வாரத்துக்குள் காட்டிக்கொடுக்கும். மூட்டு மாற்றுக்குப் பின் காலில் இரத்தம் உறையும் ஆபத்து பல வாரம் நீடிப்பதால், உறையாமல் தடுக்கும் மருந்தை 35 நாள் வரைகூடக் கொடுப்பதுண்டு. உடலுக்குள் உலோகம் வைக்கும் அறுவைகளின் ஆழமான தொற்று இன்னும் மெதுவாக வரும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., ஆஸ்பத்திரித் தொற்றுகளைக் கணக்கெடுக்கும் தன் அமைப்பில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுகளின் ஆழமான தொற்றுக்கு 90 நாள் கண்காணிப்பு வைத்திருக்கிறது. மூட்டு மாற்றுக்கு 30 நாள் பாலிசி எடுத்தால் பாதி வழியிலேயே குடையை மடக்கிவிடுகிறீர்கள்.

2023-ல் நடந்த ஒன்று இதற்கு வேதனையான உதாரணம். அமெரிக்கர்கள் பலர் எல்லை தாண்டி மெக்சிகோவின் மட்டமோரோஸ் நகரில் அழகு அறுவை செய்துகொண்டார்கள். அங்கே இரண்டு கிளினிக்குகளில் முதுகுத்தண்டு வழியாக மயக்க ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு மூளை உறையில் பூஞ்சைத் தொற்று வந்தது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் மே 13 வரை அங்கே அந்த ஊசி போட்டுக்கொண்ட எல்லோரும், எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று சி.டி.சி. அழைத்தது. ஜனவரியில் ஊசி போட்டவருக்கு மே மாதத்தில் அழைப்பு. இந்தத் தொற்றுக்கு மருந்தும் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். சோதனையும் சிகிச்சையும் நடந்தது எல்லாம் அவரவர் ஊரில்.

எங்கே சிகிச்சை பெறலாம்?

சில பாலிசிகள் அறுவை நடந்த நாட்டிலேயே, அதே ஆஸ்பத்திரியிலேயே சிக்கலைச் சரிசெய்தால்தான் பணம் தரும். அதற்கு நியாயமும் உண்டு: அதே டாக்டருக்கு உங்கள் உடம்பு தெரியும், செலவும் அங்கே குறைவு. அதற்காக விமானக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்த்தே கொடுப்பார்கள். ஆனால் இரத்தத்தில் கிருமி பரவிய நிலையில் 104 டிகிரி காய்ச்சலோடு ஒருவரை எந்த விமானத்தில் ஏற்றுவது? சொந்த ஊரில் அவசரச் சிகிச்சைக்கும் இடம் தராத பாலிசியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்பதும் இங்கே முக்கியம். இலங்கையில் அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், யாழ். போதனா வைத்தியசாலையில் நம் டீச்சரை அனுமதித்துப் பார்ப்பார்கள். பிரிட்டனில் வசிப்பவர் என்றால் அங்குள்ள அரசு மருத்துவ சேவை, அறுவை எங்கே நடந்திருந்தாலும், உயிருக்கு ஆபத்தான சிக்கலைக் கவனிக்கும். அழகு அறுவையை மறுபடி திருத்தித் தராது. இப்படிப்பட்டவர்களுக்குப் பாலிசியின் பயன் அதிகம் தெரிவது அறுவை நடந்த நாட்டில் இருக்கும் நாட்களில்தான். காசு கொடுத்துத்தான் சிகிச்சை என்ற நாட்டிலிருந்து வருபவருக்கோ, ஊர் திரும்பிய பிறகு நீளும் பாதுகாப்பே உயிர்நாடி. மாலத்தீவிலிருந்து ஆசந்தா என்ற அரசுத் திட்டத்தின் அனுமதியோடு இந்தியாவுக்கு வருபவர்களின் நிலை இன்னொரு விதம்: சிக்கலுக்கான கூடுதல் சிகிச்சைக்கு மறுபடி அனுமதி வாங்க வேண்டுமா என்பதை அவர்கள் புறப்படும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எப்போது வாங்குவது, என்ன சொல்ல வேண்டும்?

ஊரிலிருந்து புறப்படும் முன் வாங்க வேண்டும். அறுவை முடிந்து காய்ச்சல் வந்த பிறகு யாரும் விற்க மாட்டார்கள். விற்றால் சிக்கல் வந்தவர்கள் மட்டுமே வாங்குவார்கள், கம்பெனி மூழ்கிவிடும். அதே காரணத்தால்தான் அறுவைகளின் பட்டியலும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலும் வைத்திருக்கிறார்கள். முழங்கால் மாற்றில் எவ்வளவு பேருக்குச் சிக்கல் வரும் என்று கணக்கு இருக்கிறது. பரிசோதனை நிலையில் உள்ள ஸ்டெம்செல் சிகிச்சைக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது, ஆகவே பாலிசியும் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு ஜே.சி.ஐ. என்ற சர்வதேச அங்கீகாரமோ, இந்தியாவின் என்.ஏ.பி.எச். அங்கீகாரமோ இருக்க வேண்டும் என்று கேட்பதும் இதனால்தான். பிரீமியம் ஒரே தடவை கட்டுவது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேலை இல்லை.

சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தம் நீர்க்க எடுக்கும் மாத்திரை, புகைப்பழக்கம், எதையும் மறைக்காதீர்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்.பி.ஏ.1சி. எட்டுக்கு மேல் இருந்தால் மூட்டு மாற்றைத் தள்ளிப்போடும் டாக்டர்கள் உண்டு, தொற்று அபாயம் கூடும் என்பதால். விண்ணப்பத்தில் "சர்க்கரை இல்லை" என்று எழுதிவிட்டு, பிறகு கேஸ் ஷீட்டில் இன்சுலின் அளவு எழுதியிருந்தால் கிளெய்ம் அன்றே முடிந்தது. டாக்டர் சொன்னதை மீறி நடப்பதும் அப்படியே. நெஞ்சு அல்லது வயிற்றில் அறுவை செய்தவர்கள் குறைந்தது 10 நாளாவது விமானத்தில் ஏற வேண்டாம் என்று சி.டி.சி. சொல்கிறது. டிக்கெட் மாற்றக் காசு ஆகும் என்று ஐந்தாம் நாளே ஏறினால், நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்தபின் கம்பெனி அந்தத் தேதியைத்தான் முதலில் பார்க்கும்.

துணைக்கு வருபவரின் கூடுதல் தங்கல், டிக்கெட் மாற்றம், மருத்துவ உதவியோடு ஊர் கொண்டுசேர்த்தல், இறப்பு நேர்ந்தால் உடலை அனுப்பும் செலவு ஆகியவை சேருமா என்றும் கேளுங்கள். விசா மட்டும் எந்தப் பாலிசியும் பார்த்துக்கொள்ளாத விஷயம். தங்கல் நீண்டால் ஆஸ்பத்திரியிடம் கடிதம் வாங்கி, விசா காலாவதி ஆகும் முன், வெளிநாட்டினரைப் பதிவு செய்யும் இந்திய அரசு அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் ஆன்லைனில் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தப் பாலிசி எல்லா நாட்டிலும், எல்லா அறுவைக்கும் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரியிடமே பேசிப் பாருங்கள். 2006-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கெய்சிங்கர் என்ற மருத்துவக் குழுமம் இதய பைபாஸ் அறுவைக்கு ஒரே விலை வைத்து, 90 நாளுக்குள் வரும் தொடர்புடைய சிக்கல்களையும் அந்த விலைக்குள்ளேயே பார்த்துக்கொள்வதாக அறிவித்தது. அந்த அளவுக்கு எல்லோரும் வர மாட்டார்கள். ஆனால், "30 நாளுக்குள் இதே அறுவையால் மறுபடி தியேட்டருக்குப் போக நேர்ந்தால் டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் வாங்குவீர்களா?" என்று வெளிநாட்டு நோயாளிகளுக்கான டெஸ்க்கில் கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளலாம். வாய்வார்த்தை பில் கவுண்டரில் செல்லாது. அதுவும் இல்லையென்றால் பேக்கேஜ் தொகையில் பாதியாவது தொடாத பணமாகக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது வாங்க மறக்கக் கூடாதவை: டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, பில்லின் விவரப் பிரதி, இம்பிளான்ட் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர். கம்பெனி பெயரும் அளவும் வரிசை எண்ணும் அந்த ஸ்டிக்கரில் இருக்கும். ஊரில் இன்னொரு டாக்டர் அந்த மூட்டைத் திறக்க நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான். பாலிசியின் 24 மணிநேர உதவி எண்ணை நோயாளியின் போனிலும் துணைக்கு இருப்பவர் போனிலும் பதிந்து வையுங்கள். பல பாலிசிகளில் அனுமதியான 24 அல்லது 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும்.

ஊர் திரும்பிய பின் மூட்டு வீங்கிக் காய்ச்சல் அடித்தால், பக்கத்து மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். மூட்டிலிருந்து நீரெடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பும் முன் ஆன்டிபயாடிக் உள்ளே போய்விட்டால், என்ன கிருமி என்றே பரிசோதனையில் தெரியாமல் போகலாம். டாக்டருக்கு எந்த மருந்து கொடுப்பது என்பதும் புரியாது, இது அறுவையால் வந்த தொற்றுதான் என்று காட்டக் கம்பெனியிடம் கொடுக்க ரிப்போர்ட்டும் இருக்காது. அறுவை செய்த டாக்டருக்கு அன்றே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, எலும்பு மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். ஆளே நிற்க முடியாமல் நடுங்கிக் கிடக்கும் நிலை என்றால் மட்டும் எதற்கும் காத்திருக்க வேண்டாம். அங்குள்ள டாக்டர் இரத்தத்தில் கல்ச்சர் எடுத்துக்கொண்டு உடனே மருந்தைத் தொடங்கிவிடுவார்.